வெயிலில் காயப்போட்ட மிளகாய் விதை

'ஏலே' என்று கூப்பிட்டால் கல்யாண மாப்பிள்ளைக்குக் கௌரவம் குறைந்துவிடும். 'அன்புள்ள மகனுக்கு' என்று எழுத இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே தொடங்குகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பக்கத்து அறையில் தூங்குகிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மா இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? நேரில் பேச ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அந்தச் 'சரிம்மா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் உன் போன் அடிக்கும். பிரஸ்ஸில் வெடிப்பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருக்கிறது, சிவப்பு சரியாக விழவில்லை, ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பைக்கை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் பறந்துவிடுவாய். காகிதத்தில் எழுதிவிட்டால் நீ குறுக்கே பேச முடியாது. படித்து முடிக்கிறவரைக்கும் போனை எடுக்காதே.

கல்யாணப் பந்தலில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு காய்கறி நாற்றுக் கொடுக்கலாம் என்று நீ சொன்ன அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியுமா? அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ரசத்துக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். இத்தனை காலமாக நான் நிழல்வலைக்குள் குனிந்து குனிந்து வளர்த்த நாற்று, விவசாயிகள் டிரேயோடு வாங்கிக்கொண்டு போகிற நாற்று, என் பிள்ளை கல்யாணத்தில் ஒவ்வொருத்தர் கையிலும் போய்ச் சேரப்போகிறது. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற சங்கரிக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்துவிட்டது. சாத்தூரில் அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து டீச்சர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் அப்பா, வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற கம்பெனி வைத்திருக்கிறவர், தன் வேலையாட்களுக்கும் சேர்த்துக் கூடுதலாக வேண்டும் என்று கேட்டார். மிளகாயும் கத்தரியும் போடலாம் என்று நம் வீட்டில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். "நானே விதைக்கிறேம்மா, எங்க கல்யாணம், என் கையாலயே செய்றேன்" என்று நீ சொன்னபோது நானும் மயங்கிப்போனேன். அதுதான் இப்போது என் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

உயிர் உரம் என்ன என்பதை உனக்கு எழுதுவதே வெட்கக்கேடு. நீ நடை பழகியதே அந்தக் குழித்தட்டுகளுக்கு நடுவில்தான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை எரு மூட்டை மாதிரியும் மருந்துப் புட்டி மாதிரியும்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். விதையில் கலக்கிற அந்தப் பாக்கெட்டில் இருக்கிற கறுப்புத் தூள் வெறும் தூள் இல்லை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன. அசோஸ்பைரில்லம் காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கிறது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கிற மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. தட்டில் நிரப்புகிற தென்னை நார்க்கழிவில் கலக்கிறோமே டிரைக்கோடெர்மா, அது நாற்றின் தண்டை அழுக வைக்கிற பூசணத்தைத் தின்று காவல் காக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் கலந்து, விதையைப் போட்டுப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் அந்த உயிர் செத்துவிடும். வெயில் பட்டால் செத்துவிடும். ரசாயன மருந்தோடு சேர்ந்தால் செத்துவிடும். இதில் எது உனக்குப் புரியாமல் போனது? உயிரோடு இருக்கிற ஒன்றை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே விஷயம்.

நீ அதை வெயிலில் வைத்துக் கெடுத்தது ஒரு தரம் என்றால் போகிறது என்று விட்டிருப்பேன். காலேஜ் முடித்து வந்த புதிதில் உன்னை வேளாண் அலுவலகத்துக்கு அனுப்பிப் பாக்கெட் வாங்கிவரச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? வாங்கினாய். வருகிற வழியில் சாத்தூரில் பைக்கை நிறுத்தி, டேங்க் மேலே மத்தியான வெயிலில் பையை வைத்துவிட்டு, சிநேகிதனோடு டீயும் காராச்சேவும் சாப்பிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசியிருக்கிறாய். வீட்டுக்கு வந்தபோது பாக்கெட் தொட முடியாத சூட்டில் இருந்தது. நான் சத்தம் போட்டதும், "சேவும்தான் வெயில்ல இருந்துச்சு, நல்லாத்தானம்மா இருக்கு" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சண்டையும் அத்தோடு போயிற்று. நீ எப்போதும் அப்படித்தான். எதையாவது நீட்டுவாய், சிரிக்க வைப்பாய், தப்பித்துக்கொள்வாய்.

இந்தத் தடவை நான் ஊரில் இல்லை. சித்திரை மாதம், காரியாபட்டியில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். போவதற்கு முன்னால் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். விதை, பாக்கெட், கஞ்சிக்கு அரிசி, எல்லாம். கலந்த விதையை மாட்டுக்கொட்டகை ஓரம் நிழலில் பரப்பு என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நீ என்ன செய்தாய் என்று உன் அப்பா சொல்லித்தான் எனக்கு இப்போது தெரிகிறது. பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த வீணாய்ப்போன காலண்டர் தாள்களை மொட்டை மாடியில் விரித்து, அதன் மேல் விதையைப் பரப்பி, கத்திரி வெயிலில் காயப்போட்டிருக்கிறாய். அதுவும் சும்மா போட்டுவிட்டு வரவில்லை. அப்பனும் மகனும் மாறி மாறி உட்கார்ந்து கையால் புரட்டிப் புரட்டிக் காய வைத்திருக்கிறீர்கள். "ஏலே, சித்திரை வெயிலு அம்புட்டும் சும்மா கெடக்கு. இவ நிழல்ல காயப்போடச் சொல்றா. நிழல்ல காயுமா எதுவும்?" என்று உன் அப்பா கேட்டாராம். நீயும் ஆமாம் போட்டாயாம்.

உன் அப்பாவை நான் ஒரு பக்கம் மன்னித்துவிடுவேன். அவர் வாழ்நாளெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் போர்மேனாக இருந்தவர். இந்த ஊரில் குச்சி காய வேண்டும், பெட்டி காய வேண்டும், குழாய் காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டின லேபிள்கூடக் காய வேண்டும். ஒரு மேகம் வந்தால் போதும், ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். ஊரெல்லாம் மழை வேண்டும் என்று சாமி கும்பிடும்போது அவர் இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டவர். நிழலில் உலர்த்து என்று சொன்னால் அவர் காதில் அது வேலைக்கு ஒளிகிற பேச்சாகத்தான் விழும். நான் காரியாபட்டியிலிருந்து வந்து இறங்கியதும் என்னிடமே பெருமையாகச் சொன்னார்: "விதை எம்புட்டு அருமையாக் காஞ்சிருக்கு தெரியுமா? ஒரு பொட்டு ஈரம் இல்ல." நான் நிழலில் காய்ந்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். உன்னிடம் தனியாகக் கேட்டேன், நிழலில்தானே போட்டாய் என்று. நீ என் முகத்தைப் பார்க்காமல் "எல்லாம் நீங்க சொன்ன மாதிரித்தாம்மா" என்றாய். அவர் செய்தது தெரியாமல் செய்தது. நீ சொன்னது தெரிந்து சொன்னது.

விதை முளைத்தது. முளைக்காமல் என்ன செய்யும், வெயிலில் செத்தது விதை இல்லையே, அதன் மேல் ஒட்டியிருந்த உயிர்தானே. முளை வருவதற்காக அடுக்கி வைத்த தட்டுகளைப் பிரித்து நிழல்வலைக்குள் பரப்பிய சில நாளில் பச்சைப் பசேல் என்று ஒரே உயரத்தில் நின்றன. நானும் கல்யாண வேலையில் அலைந்துகொண்டிருந்தேன். புடவை எடுக்க மதுரைக்கும் பத்திரிகை வைக்க ஊர் ஊராகவும் போனதில் தட்டுகளை உன் பொறுப்பில் விட்டுவிட்டேன். அதற்குள் ஓரத்துத் தட்டுகளில் நாற்று சாயத் தொடங்கியிருக்கிறது. மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நூலாக இளைத்து, பழுப்படித்துப் படுத்துவிடும். அதுதான் நாற்றழுகல். நார்க்கழிவில் கலந்து வைக்க வேண்டிய டிரைக்கோடெர்மாவை நீ தகரக் கொட்டகையில் வைத்து வேக வைத்துவிட்டுக் கலந்திருக்கிறாய் என்பதும் பிறகுதான் தெரிந்தது. சரி, சாய்ந்துவிட்டது. அப்போதாவது வந்து சொன்னாயா? ஒரு வார்த்தை, "அம்மா, நாத்து அழுகுது" என்று சொல்ல உன் வாய்க்கு என்ன வந்தது? உரக்கடையில் போய்த் தாமிர மருந்தை வாங்கிக் கரைத்து ஊற்றினாய். அதற்கு மறுநாள், ஒன்றும் தெரியாத நான், நாற்றுக்கு நல்லது என்று சூடோமோனாஸ் என்கிற இன்னொரு நுண்ணுயிர்க் கரைசலை வாளி வாளியாக ஊற்றினேன். நீ பக்கத்தில் நின்று வாளி எடுத்துக் கொடுத்தாய். நேற்று ஊற்றின விஷத்தில் இன்றைக்கு நான் ஊற்றுகிற உயிர் அத்தனையும் சாகும் என்று தெரிந்தும் எடுத்துக் கொடுத்தாய். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை.

அதோடு நிறுத்தினாயா? செடி வெளிறிப் போவதைப் பார்த்துவிட்டு யூரியாவைக் கரைத்துத் தெளித்தாய். உயிர் உரம் வேருக்குச் சோறு போடும். யூரியா இலைக்குச் சாயம் பூசும். போட்டோவில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சங்கரிக்கு அனுப்பினாய், அவள் தன் கூட்டத்துக்கெல்லாம் அனுப்பினாள். முந்தாநாள் காலை நான் சும்மா ஒரு மிளகாய் நாற்றைக் குழியிலிருந்து உருவிப் பார்த்தேன். நல்ல நாற்றென்றால் வேர் நார்க்கழிவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டியாக வரவேண்டும், தரையில் போட்டாலும் உடையக்கூடாது. இது கையோடு உதிர்ந்துவிட்டது. நீளமாக ஒரு தண்டு, தளதளவென்று நாலு இலை, அடியில் பேருக்கு இரண்டு வெள்ளை நூல். இன்னொன்றை உருவினேன், அடுத்த தட்டில் உருவினேன், எல்லாம் அப்படியே. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, மாடி வெயிலிலிருந்து தாமிர மருந்து, யூரியா வரைக்கும் அதுவரை மறைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பய பயந்துட்டான்" என்றார் கடைசியில்.

"எதுக்குங்க பயப்படணும்? நான் என்ன புலியா, கரடியா?"

"உனக்குப் பயப்படல. அந்தச் சங்கரிப் பிள்ளைகிட்ட அம்புட்டுப் பெருமை பேசிட்டான். இப்ப போய் அழுகிருச்சுன்னு எப்படிச் சொல்லுவான்?"

"சொல்லாம அழுகினதையே கொண்டுபோய்க் கல்யாண வீட்டுல குடுப்பானாக்கும்?"

அவர் உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நீ பிரஸ்ஸில் அடித்துவைத்திருந்த லேபிள் கட்டு. உன் படம், சங்கரி படம், ஓரத்தில் பூங்கொடி. கீழே தங்க எழுத்தில், 'ரசாயனம் தொடாமல் உயிர் உரத்தில் எங்கள் அம்மா வளர்த்த நாற்று.' எங்கள் அம்மா. நல்ல அச்சு, குறை சொல்ல முடியாது, சிவப்பு அழகாக விழுந்திருக்கிறது. லேபிள் அடிக்கிறவனுக்கு லேபிள்தான் சரக்கு என்று ஆகிவிட்டது போலிருக்கிறது. உள்ளே என்ன இருந்தால் என்ன, வெளியே பளபளவென்று இருந்தால் போதும். எந்த நாற்று மூன்றாம் நாள் துவண்டு விழப்போகிறது என்று தெரியுமோ, அதன் கழுத்தில் என் பேரைக் கட்டி, நம் சொந்தபந்தம் எல்லார் கையிலும் கொடுக்கப் பார்த்தாய். செடி செத்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் தெரியுமா? என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். "நம்ம கை ராசி சரியில்ல" என்று தங்களைத்தான் நினைத்துக்கொள்வார்கள். மாடியில் முதல் தடவையாக ஒரு தொட்டி வைத்த பெண் அதற்கப்புறம் தொட்டி வைக்கவே மாட்டாள்.

நாற்றுப் போனதற்காக நான் இவ்வளவு எழுதவில்லை. நாற்று எனக்கும் போகும், எல்லாருக்கும் போகும், தட்டுத் தட்டாகக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் சங்கரி போன் செய்தாள். "நல்லாருக்கீகளா அத்தை? நாத்து எம்புட்டு ஒசரம் வந்துருக்கு? எங்க ஹெட்மாஸ்டர் சார் ரெண்டு கேட்டுருக்காக, ஒண்ணு கத்தரி, ஒண்ணு மெளகாய், எடுத்து வைக்கணும் அத்தை" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரே நாளில் நானும் உன்னைப் போல ஆகிவிட்டேன். நீ மறைத்தாய், உன் அப்பா மறைத்தார், இப்போது நானும் மறைத்துவிட்டேன். ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருப்பது இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற பிள்ளை மட்டும்தான்.

எனக்கு உன்னைத் தெரியும். நீ கெட்டவன் இல்லை. யார் முகமும் வாடக்கூடாது உனக்கு, அதற்காகத்தான் பூசி மெழுகுகிறாய். ஆனால் அவளோடு நீ இருக்கப்போவது ஒரு நாள் கல்யாணத்துக்கு இல்லை. நாளைக்கு உனக்கு வேலை போகும், கையைச் சுடும், உடம்புக்கு ஏதாவது வரும், வீட்டில் மனஸ்தாபம் வரும். அப்போதெல்லாம் அடியில் அழுக விட்டுவிட்டு மேலே பச்சையாகத் தெளித்துக்கொண்டிருப்பாயா? அவளும் என்னைப் போல ஒன்றும் தெரியாமல் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருக்க வேண்டுமா? இதுதான் என் பயம், எழுதிவிட்டேன். எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதி கோபம், பாதி பயம்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கல்யாணத்தில் நாற்று இல்லை. தேங்காயும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுப்போம், யாரும் கோபித்துக்கொண்டு போகப்போவதில்லை. நான் நேற்றே புது விதை எடுத்து, ஆறின கஞ்சியில் கலந்து, கொட்டகை நிழலில் உலர்த்தி, புதுப் பாக்கெட் கலந்த நார்க்கழிவில் விதைத்துவிட்டேன். உன் அப்பாதான் தட்டு நிரப்பிக் கொடுத்தார். நிழலில் விதை உலர்வதை நம்பாமல் மூன்று தரம் வந்து தொட்டுப் பார்த்தார், ஆனால் வெயிலுக்கு எடுத்துப் போகவில்லை. இவை நடுகிற பருவத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஆனி பாதியாகிவிடும். அப்போது நீங்கள் இரண்டு பேரும் சொந்தக்காரர் வீடு வீடாக விருந்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். வெறுங்கையோடு போகாமல் வீட்டுக்கு இரண்டு நாற்றுக் கொண்டுபோங்கள். கல்யாணத்தன்று ஏன் தரவில்லை என்று கேட்பார்கள். அழுகிவிட்டது என்று சொல். ஏன் அழுகியது என்று கேட்டால் அதையும் சொல். மாடியில் காயப்போட்ட கதையைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற சோறு புரையேறச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கதையைக் கேட்டவர்கள் யாரும் இனி உயிர் உரத்தை வெயிலில் வைக்க மாட்டார்கள். லேபிளை நான் குப்பையில் போட்டுவிட்டேன், தேடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரியும் அவள் அம்மாவும் நாற்றுப் பார்க்க வருகிறார்கள். நேற்றுப் போனில் அவளாகவே சொன்னாள், நானும் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பழைய தட்டுகளை இன்னும் கொட்டவில்லை. சாய்ந்து கிடக்கிற தட்டுகளை உள்ளே ஒளிக்காமல் வாசலுக்கு நேராக எடுத்து வைத்திருக்கிறேன், வலைக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் அவைதான் படும். அவள் குனிந்து ஒன்றை உருவுவாள், அது உதிரும், அவள் உன்னைத்தான் பார்ப்பாள். அன்றைக்குப் பிரஸ் லீவு, பார்ட்டி வருகிறார் என்று நீ ஓட முடியாது. நான் அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு காபி போட உள்ளே போய்விடுவேன். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் அங்கே நிற்பீர்கள். நீயாக வாயைத் திறந்து சொல்கிறவரைக்கும், காபி ஆறினாலும் சரி, நான் உங்களைக் கூப்பிட மாட்டேன்.